எந்திரிச்சானா?

கபடி ஆட்டத்தை முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, ஸ்கோர் தெரியாமல் வீட்டுக்குப் போகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஐந்து சீசன் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கூடப்பிறந்தவர் இல்லை. சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸாக இருந்தார். அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இப்போது ஓசூரில் மகளோடு இருக்கிறார் என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வேனில் கடலூருக்கு வருவார். மடியில் ஒரு துணிப்பை. அதில் பஞ்சு, கட்டுத்துணி, குளுக்கோஸ் பாக்கெட், ஒரு கத்தரிக்கோல். கத்தரிக்கோலை வாசலில் செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொள்வார். திரும்பும்போது அக்கா மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்வார். ஐந்து சீசனும் இதே கதைதான்.

ஆட்டம் முடிந்து, கூட்டத்தில் இடிபட்டு வெளியே வந்து, வேனில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு மெதுவாகக் கேட்பார்.

"ஏம்பா, நாம ஜெயிச்சோமா?"

வேனை ஓட்டுகிற ரபீக் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்வான். வேன் அவனுடையது. எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொண்டுவந்து அரங்கம் அதிர அடிக்கிறவனும் அவன்தான்.

"அக்கா, நாப்பது நிமிசமா நீ அங்க இன்னாதான் பண்ணிக்கிட்டு இருந்த?"

"பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எதைப் பாத்த?"

"பசங்களை."

அவ்வளவுதான் பதில். கபடியில் பாடிப் போகிறவனை மடக்கிப் பிடிக்கும்போது ஐந்து பேர், ஆறு பேர் ஒருவன் மேல் ஒருவனாக விழுவார்கள். அந்த நொடியில் நாங்கள் எல்லோரும் நடுவரின் கையைப் பார்ப்போம், பிறகு மின் பலகையைப் பார்ப்போம். பாயிண்ட் யாருக்கு என்பதுதானே கேள்வி. அக்கா மட்டும் அந்தக் குவியலின் அடியில் கிடக்கிறவனைப் பார்ப்பார். அரங்கமே எழுந்து குதித்துக்கொண்டிருக்கும். எங்கள் முதுகுகளுக்கு நடுவே கழுத்தை நீட்டிக்கொண்டு என் சட்டையைப் பிடித்து இழுப்பார்.

"எந்திரிச்சானா? அடியில கெடந்தவன் எந்திரிச்சானா?"

"எந்திரிச்சிட்டான்க்கா. உடு."

அவன் இரண்டு அடி நடப்பதைத் தானே பார்த்த பிறகுதான் சட்டையை விடுவார். கை தட்ட மாட்டார். தட்டுவதற்குள் அடுத்தவன் பாடிப் போயிருப்பான். ஒரு சீசன் முடிவதற்குள் என் சட்டைகளில் மூன்றின் இடப்பக்கத் தையல் விட்டுப்போனது. வீட்டில் கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ நியாயவான் என்று நினைத்துக்கொள்வீர்கள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதில் ஊர் மைதானத்தில் ஆடியவன். எட்டு டீம்களை வைத்து லீக் என்று ஒன்று தொடங்கி, அதில் ஒரு டீமுக்குக் கடலூர்தான் சொந்த அரங்கம் என்று அறிவித்த நாளிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வருடத்தை மாதத்தில் எண்ணுவதை விட்டேன். என் பெரிய மகள் பிறந்தது இரண்டாம் சீசனின் அரையிறுதி அன்று. ஆட்டம் முடிந்துதான் போனேன். இதை என் மனைவி இன்றுவரை மறக்கவில்லை, எனக்கும் நினைவூட்டாமல் இருந்ததில்லை.

அக்காவை முதலில் பார்த்தபோது அவருக்கும் எனக்கும் சண்டை. லீக் வருவதற்கு முந்தைய வருடம். அப்பாவுக்குத் தலைசுற்றல் என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனால், வாசலில் நர்சுகள் முப்பது பேர் சீருடையோடு தரையில் உட்கார்ந்து கோஷம் போடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டைக் குறைக்கச் சொல்லி ஸ்ட்ரைக். எனக்கு வந்ததே கோபம்.

"நோயாளிய அம்போன்னு உட்டுட்டு ரோட்டுல ஒக்காந்திருக்கீங்களே, மனுசங்களா நீங்கல்லாம்?" என்று கத்தினேன்.

நடுவில் இருந்த ஒருவர் எழுந்து வந்தார். அடிக்க வருகிறார் என்றே நினைத்தேன். என்னைக் கடந்து அப்பாவிடம் போனார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாடி பிடித்தார்.

"பெரியவரே, காலையில சாப்ட்டீங்களா?"

"இல்லம்மா. மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டேன்."

துணிப்பையிலிருந்து குளுக்கோஸ் எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் அப்பாவின் முகத்தில் ரத்தம் வந்தது.

"டாக்டரு உள்ளதான் இருக்காரு, கூட்டிக்கிட்டுப் போ. வேல செய்ய மாட்டோம்னுதான் நாங்க ஒக்காந்திருக்கோம். பாக்க மாட்டோம்னு ஒக்காரல" என்றார். திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து கோஷத்தைத் தொடர்ந்தார்.

பிறகு ஒரு நாள் ஏதோ சான்றிதழ் நகல் எடுக்கக் கடைக்கு வந்தவர், சுவரில் நான் ஒட்டியிருந்த ஆட்ட அட்டவணையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எனக்கும் வேன்ல ஒரு சீட்டு சொல்லேன்" என்றார். அப்படித்தான் வந்து சேர்ந்தார்.

நான்காம் சீசனில் எங்கள் டீமின் இடது கார்னரில் ஒருவன் ஆடினான். ஏழாம் நம்பர் பனியன். ஏழு என்றே கூப்பிடுவோம். செம்மங்குப்பத்துப் பையன். பாடி வருகிறவன் கணுக்காலை ஏழு பிடித்தால் அவன் கோட்டைத் தொட முடியாது. அவனுக்காகவே ரபீக் ஒரு தனித் தாளம் வைத்திருந்தான். மூன்றாவது ஆட்டத்தில் அக்கா என் சட்டையை இழுத்தார்.

"அவன் வலது காலு ஊனறது சரியில்ல."

"அஞ்சு பாயிண்டு எடுத்திருக்கான்க்கா!"

"எடுக்கட்டும். காலு சரியில்ல."

ஐந்தாவது ஆட்டத்தில் அவன் முட்டி போயிற்று. தோளில் சாய்த்து நடத்திக் கொண்டுபோனார்கள். அடுத்த ஞாயிறு பட்டியலில் அவன் பெயர் இல்லை. காயம் என்று ஒரு வரிகூட இல்லை. பெயரே இல்லை, அவ்வளவுதான். இடது கார்னரில் வேறு ஒருவன் வந்தான், அவனும் நன்றாகப் பிடித்தான். நாங்கள் அந்தத் தனித் தாளத்தை அவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டோம். ரசிகனின் மனசு இவ்வளவுதான். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

அக்கா மட்டும் ஒவ்வொரு வாரமும் "ஏழு எங்கப்பா?" என்று கேட்டார். சீசன் முடிகிற சமயம் ஒரு ஞாயிறு, ஆலப்பாக்கம் தாண்டி ரசாயன ஆலை நெடி வேனுக்குள் வரத் தொடங்கியதும், "ரபீக்கு, செம்மங்குப்பத்துல நிறுத்து. அஞ்சு நிமிசம்" என்றார். இறங்கிப் போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். வேனுக்குள் நாங்கள் வெந்துகொண்டிருந்தோம். முதல் பாதி முழுவதும் போயிற்று.

"முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்குது. டீம்லேர்ந்து ஒருத்தரும் வந்து பாக்கலயாம். நாட்டு வைத்தியருகிட்ட கட்டு போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கான்" என்றார் அக்கா.

எனக்கு அவன் முட்டியைவிட முதல் பாதிதான் பெரிதாக இருந்தது. "அதுக்கு நாம இன்னா பண்ண முடியும்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அன்றைக்கும் திரும்பி வரும்போது "நாம ஜெயிச்சோமா?" என்று கேட்டார். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஐந்தாம் சீசனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. எட்டு டீமிலும் ஆட்டக்காரர்கள் ஆட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குள் ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். முன்னால் நின்றவன் ஏழு. முட்டியில் பட்டையோடு ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து பேட்டி கொடுத்தான். போனில் அதைப் பார்த்துவிட்டு அன்று முழுதும் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. போன சீசனில் இறுதிப் போட்டியில் ஒரு பாயிண்டில் தோற்றிருந்தோம். இந்த முறை எங்கள் முறை என்று பதினொரு மாதம் காத்துக் கிடந்தவன் நான்.

திருவதிகைக்கு பைக்கை விட்டேன். வீரட்டானேசுவரர் முன்னால் நின்று, "சாமி, எப்படியாச்சும் இந்த சீசன் நடந்துரணும். நூத்தியெட்டு சுத்து சுத்தறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் அக்கா கடைக்கு வந்தார். கையில் ஒரு தாள். "இருநூறு காப்பி போடு" என்றார். ஆட்டக்காரர்களின் கோரிக்கை. மெஷின் ஓடும்போது படித்தேன். இரண்டே இரண்டுதான். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆடுகிற மேட் ஓரத்தில் ஒரு டாக்டரும், ஒரு ஸ்ட்ரெச்சரும், வாசலில் ஓர் ஆம்புலன்சும் இருக்க வேண்டும். ஆட்டத்தில் அடிபட்டவனை அந்த சீசன் முடியும்வரை டீமிலிருந்து நீக்கக் கூடாது, வைத்தியம் டீமே பார்க்க வேண்டும்.

"இதுக்கா ஒரு சீசனையே நிறுத்தறாங்க?" என்றேன்.

"வேற எதுக்கு நிறுத்தணும்ங்கற?"

"அக்கா, நான் சொல்றதக் கேளு. மொதலாளிக்கும் அவுங்களுக்கும் ஆயிரம் இருக்கும். நடுவுல நாம இன்னா பாவம் பண்ணோம்? வருசம் பூரா காத்துக்கிட்டு கெடக்கறது நாமதான். நாம ஸ்ட்ரைக் பண்ண முடியுமா? ரசிகனுக்குன்னு ஒரு ஸ்ட்ரைக் இருக்குதா?"

"இருக்குதே" என்றார், தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே. "போவாம இருக்கறது."

அதற்கு அடுத்த வாரம் டீம் முதலாளிகள் சேர்ந்து ஓர் அறிவிப்பு விட்டார்கள். சீசன் சொன்ன தேதியில் தொடங்கும். பழைய ஆட்டக்காரர்கள் வராவிட்டால் காலேஜ் டீம்களிலிருந்து பையன்களை எடுத்து ஆடுவார்கள். அதே பனியன், அதே நம்பர். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். சாமி கண்ணைத் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இப்படிக் கேட்கவில்லையே என்று ஒரு மூலையில் உறுத்தியது, அதை அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொடக்க நாளன்று வேன் அக்கா வீட்டு முனையில் நின்றது. அவர் சீருடையில் வெளியே வந்தார்.

"எனக்கு மதியம் டூட்டி. கேட்டு வாங்கிக்கிட்டேன். வூட்ல இருந்தா மனசு அலையும்" என்றார்.

"அக்கா..."

"உன்னை நான் ஒண்ணும் சொல்லலப்பா. போறதுன்னா போ. ஆனா அங்க டாக்டரு கெடையாது, தெரிஞ்சுக்கோ. கண்ண மட்டும் தொறந்து வெச்சிக்கோ."

வேனில் நானும் ரபீக்கும்தான். வழக்கமாக வருகிற மற்ற நான்கு பேரும் ஏதேதோ காரணம் சொல்லி வரவில்லை. வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் ரபீக், "மச்சான், தட்ட எடுத்துக்கிட்டு வரல" என்றான். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அரங்கத்தில் பாதி நாற்காலி காலி. வாசலில் ஏழும் இன்னும் இருபது பேரும் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். கோஷம்கூட இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். நாற்பத்து மூன்று வயதில் பரீட்சைக்குப் பிட் கொண்டுபோகிறவன் மாதிரி இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. குறை சொல்லக் கூடாது, பையன்கள் உயிரைக் கொடுத்துத்தான் ஆடினார்கள். எங்களுக்காகப் பாடிப் போனவன் ஒல்லியான பையன். விருத்தாசலம் பக்கம் என்று சொன்னார்கள். இருபது வயது இருக்கும். பன்னிரண்டாவது நிமிடம். போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்பியவனைப் பின்னாலிருந்து ஒருவன் இடுப்பில் பிடித்தான், முன்னாலிருந்து இரண்டு பேர் பாய்ந்தார்கள். தலைகுப்புற விழுந்தான். மேலே ஒரு குவியல். நடுவர் கை எதிர் டீமின் பக்கம் போயிற்று. மின் பலகையில் எண் மாறியது. குவியல் கலைந்தது.

நான் பலகையைப் பார்க்கவில்லை. அதை அப்போது கவனிக்கவும் இல்லை. ரபீக்கின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

"எந்திரிச்சானா?"

என் வாயிலிருந்துதான் வந்தது.

"இல்ல மச்சான்" என்றான் ரபீக்.

தடுப்பைத் தாண்டிக் குதித்தோம். எங்கள் பக்கத்துக் கபடியில் ஒருவன் விழுந்தால் செய்கிற வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு பேர் கையைப் பிடிப்பார்கள், இரண்டு பேர் காலைப் பிடிப்பார்கள். தூக்கி நாலு உதறு உதறுவார்கள். முகத்தில் சோடா அடிப்பார்கள். முதுகில் ஒரு தட்டு தட்டி, ஓடுடா என்பார்கள். எனக்கே பத்துத் தடவை செய்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை, பாசத்தில்தான் செய்வது. நாங்கள் போனபோது மூன்று பையன்கள் ஏற்கெனவே பிடித்திருந்தார்கள். மிச்சமிருந்த வலது காலை நான் பிடித்தேன். தூக்கப்போகிற நேரத்தில் அவன் மெல்ல, "அண்ணே, கழுத்து" என்றான்.

கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்று அக்கா சொன்னது அப்போது உறைத்தது. காலை அப்படியே மேட் மேல் வைத்துவிட்டு, "தூக்காதீங்கடா!" என்று கத்தினேன். சுற்றிப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு ஒன்றும் இல்லை. ரபீக் அதற்குள் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டான்.

"அக்கா, ஒரு பையன் உழுந்துட்டான். எந்திரிக்கல" என்றேன்.

எங்கே இருக்கிறாய், ஏன் போனாய், அக்கா ஒன்றும் கேட்கவில்லை.

"மூச்சு உடறானா? பேசறானா?"

"பேசறான். கழுத்து வலிக்குதுங்கறான்."

"யாரும் தூக்கக் கூடாது. உக்கார வெக்கக் கூடாது, தண்ணி குடுக்கக் கூடாது. ஆம்புலன்சுக்கு யாரயாச்சும் இன்னொரு போன்ல கூப்புட சொல்லு. நீ அவன் தலைமாட்டுல முட்டி போடு. ரெண்டு கையாலயும் தலையப் புடிச்சுக்கோ. எப்பிடி இருக்குதோ அப்பிடியே இருக்கணும். காத மூடிறாத. நீ பேசறது அவனுக்குக் கேக்கணும்."

முட்டி போட்டேன். பிடித்தேன். அவன் தலைமுடி வியர்வையில் ஈரமாக இருந்தது.

"கால் வெரல அசைக்கச் சொல்லு."

"தம்பி, கால் வெரல அசைடா."

நான் தலையைப் பிடித்திருந்ததால் எனக்குக் கால் தெரியவில்லை. ரபீக்தான் பார்த்தான். அந்த இரண்டு மூன்று நொடி எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"அசையுது அக்கா!" என்று ரபீக் கத்தினான். "ரெண்டும் அசையுது!"

போனில் அக்கா மூச்சு விடும் சத்தம் கேட்டது. "சரி. கைய எடுத்துறாத. வண்டி வர்ற வரைக்கும் எடுக்காத. அவன்கிட்ட எதனா பேசிக்கிட்டே இரு."

என்ன பேசுவது? "இன்னா படிக்கற?" என்று கேட்டேன். வேதியியல் என்றான். "பாயிண்டு நமக்கா அண்ணே?" என்று கேட்டான். நமக்குத்தான்டா என்று பொய் சொன்னேன்.

அடையாள அட்டை மாட்டிய ஒருவர் வந்து குனிந்தார். "சார், கொஞ்சம் ஓரமா நவுத்தி வெச்சிக்கிட்டீங்கன்னா ஆட்டத்தை ஆரம்பிச்சிரலாம். லைவ் போயிக்கிட்டு இருக்குது."

சீசன் நடக்க வேண்டும் என்று சாமியிடம் நூற்றெட்டுச் சுற்றுக்கு ஒப்புக்கொண்டவன் நான். அண்ணாந்து அவரைப் பார்த்து, "மேட்ச் ஆவாது. போயிச் சொல்லுங்க" என்றேன்.

எதிர் டீம் பையன் ஒருவன், இவன் இடுப்பைப் பிடித்தவன், அழுதுகொண்டு நின்றான். அவன்தான் முதலில் பனியனைக் கழற்றினான். மடித்தான். மேட் நடுக்கோட்டில் வைத்தான். பிறகு ஒவ்வொருவராக வைத்தார்கள். பதிமூன்று பனியன். பதினான்காவது என் முன்னால் படுத்திருந்தவன் மேல் இருந்தது. வாசலில் நின்றிருந்த ஏழு எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. வளையாத காலை நீட்டிக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

வாசலில் ஆம்புலன்ஸ் இல்லை, அழைத்த பிறகுதானே அது வர வேண்டும்? வரும்வரை என் கை அசையவில்லை.

எலும்பில் ஒன்றுமில்லை, தசைதான், மூன்று வாரம் கழுத்துப் பட்டை போதும் என்று கடலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வராந்தாவுக்கு ஓடி வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எந்திரிச்சிட்டான்க்கா. ஒக்காந்து இட்லி திங்கறான். நாலு தின்னுட்டான்."



சாயங்காலம் அக்கா கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். அழுதார். எத்தனையோ சாவையும் ரத்தத்தையும் பார்த்த மனுஷி, வாடிக்கையாளர்கள் வந்து போகிற நேரத்தில், மறைக்காமல் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார். ஐந்து சீசனில் ஒரு தடவையும் சொல்லாதது.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான். குமராட்சியில. பொங்கல் கபடியில ஆடுனான். கடைசிப் பாட்டு. அவன்தான் புடிச்சான், ஊரு ஜெயிச்சிருச்சு. எல்லாரும் கேப்டன தோள்ல தூக்கிக்கிட்டு குதிக்கறாங்க. நானும் குதிச்சேன். இவன் அடியில கெடந்தத ஒருத்தரும் பாக்கல. அப்பறம் பாத்துட்டு, அய்யோன்னு ஓடியாந்து நாலு பேரு தூக்கி உதறினாங்க. ரெண்டு பேருக்கு நடுவுல பைக்கில ஒக்கார வெச்சி சிதம்பரத்துக்குக் கொண்டாந்தாங்க. நானும்தான் கால் பக்கம் புடிச்சேன். உழுந்ததுல போனது கொஞ்சம்தானாம். தூக்குனதுல போனதுதான் ஜாஸ்தின்னு டாக்டரு சொன்னாரு."

"இப்ப?"

"இருக்கான். ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு, கோல் ஊனி நடப்பான். வெதக் கடை வெச்சிருக்கான். அவனும் கபடி பாப்பான், போன்ல. ஸ்கோரெல்லாம் அவன்தான் எனக்குச் சொல்லுவான். அதுக்கப்பறம்தான் நான் நர்சு படிச்சேன்."

வெள்ளிக்கிழமை அவர் கேட்காமலே அந்தக் கோரிக்கைத் தாளை ஐந்நூறு காப்பி போட்டு வைத்தேன். ரபீக் வேனில் ஊர் ஊராகக் கொடுத்தான். அந்த ஞாயிறு எந்த அரங்கத்திலும் ஆட்டம் இல்லை. பனியன் போட ஆள் கிடைக்கவில்லை, பார்க்கவும் ஆள் வரவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை முதலாளிகள் உட்கார்ந்து பேசி, இரண்டு கோரிக்கைக்கும் கையெழுத்துப் போட்டார்கள். செய்தி வந்தபோது நான் கடையைச் சாத்திவிட்டுச் சும்மா தெருவில் நடந்தேன். அப்படி ஓர் ஆசுவாசம். பரீட்சை எழுதியவன்கூட நான் இல்லை, ஆனாலும் பாஸானது நான்தான் என்பது போல.

வேண்டுதலை விட முடியுமா? சித்திரை வெயிலில் திருவதிகையில் நூற்றெட்டுச் சுற்று. சுட்ட கல்லில் கால் கொப்பளித்துவிட்டது. அக்காதான் மருந்து வைத்துக் கட்டினார். "சாமிகிட்ட சாயங்காலம் சுத்தறேன்னு வேண்டிக்கிட்டா ஆவாதா?" என்று திட்டினார். இனிமேல் டாக்டர் இல்லாத ஆட்டத்துக்குப் போகாதே என்று மட்டும் அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுபடி தொடங்கிய சீசனின் முதல் ஞாயிறு. வேன் நிறைய ஆட்கள். ரபீக் தட்டோடு வந்திருந்தான். மேட் ஓரத்தில் ஒரு நாற்காலி, அதில் வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் இளம் டாக்டர், காலடியில் ஆரஞ்சு நிற ஸ்ட்ரெச்சர். ஏழு இன்னும் ஆடவில்லை, ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், பட்டியலில் பெயர் இருந்தது. அக்கா நேரே டாக்டரிடம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"தம்பி, கடைசி வரைக்கும் இருப்பீங்களா?"

"இருப்பேம்மா."

"நடுவுல டீ குடிக்கப் போவீங்களா?"

அவர் சிரித்தார். "போவலம்மா. இங்கயே கொண்டாந்து குடுப்பாங்க."

அக்கா வந்து உட்கார்ந்தார். முதல் குவியல் விழுந்ததும் பழக்கத்தில் கை என் சட்டைக்கு வந்தது. டாக்டர் அதற்குள் எழுந்து மேட் கோட்டுக்கு வந்து நின்றிருந்தார். அடியில் கிடந்தவன் எழுந்து தொடையைத் தட்டிக்கொண்டான். டாக்டர் உட்கார்ந்தார். அக்கா என் சட்டையை விட்டார். இரண்டாவது குவியலுக்குப் பிடிக்கவே இல்லை.

இடைவேளைக்குப் பிறகு பக்கத்திலிருந்து ஒரு குரல். "இன்னாப்பா இது, ஆறு பாயிண்டு பின்னாடி கெடக்கறோம்?"

திரும்பிப் பார்த்தேன். அக்கா மின் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி மூன்று நிமிடத்தில் அவர் நாற்காலி மேல் ஏறி நின்றார். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள், ரபீக் தட்டடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஐந்து சீசனாக அந்த விசில் எங்கே இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அப்படியும் தோற்றுப்போனோம். இரண்டு பாயிண்ட்.

வேனில் வழக்கம்போல ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. செம்மங்குப்பம் போனது, ஆலப்பாக்கம் போனது. வழக்கமான கேள்வி வரவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் ரபீக்கால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, நாம தோத்துட்டோம்."

"தெரியும்டா" என்றார் அக்கா. "ரெண்டு பாயிண்டுல. பாத்துக்கிட்டுதான இருந்தேன்."